மாமிக்குச் சொல்லாமல் போன இடம்

சென்ற கோடையில் கணவரும் நானும் இரண்டு வயது மகனுடன் டொரொண்டோவுக்கு வடக்கே ஒரு மலைக்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கினோம். அது அரச நிலம். கட்டணமில்லை, காவலரில்லை, போன் சிக்னலுமில்லை. கணவரின் அம்மாவான மாமி பயப்படுவார் என்று, டொரொண்டோவுக்கு மேற்கே மிசிசாகாவில் சிநேகிதி வீட்டுக்குப் போவதாக அவரிடம் சொல்லியிருந்தேன்.

மகன் இருட்டுக்குப் பயந்ததால் காரின் விளக்கை எரியவிட்டிருந்தேன். காலையில் பற்றரி இறங்கி, கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு போத்தல் பால்தான் மிச்சம்.

"பயப்படாதையும். நாங்கள் வராட்டி அம்மா ஆக்களை விட்டுத் தேடுவா" என்றார் கணவர்.

"எங்க தேடுவா? மிசிசாகாவிலயோ?"

பிள்ளையுடன் நடப்பதா, காரிலேயே இருப்பதா? எதை நினைத்தாலும் பிழையாகத் தோன்றியது. பால் முடிந்து மகன் அழத் தொடங்கியபோது, மீன்பிடிக்க வந்த ஒருவரின் ட்ரக் அந்த மண்பாதையால் வந்தது. அவர்தான் தன் பற்றரியிலிருந்து வயர் கொழுவி எங்கள் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

இப்போது போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் மாமியிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறேன்.

"பிள்ளையைக் கரடிக்குக் குடுக்கப் போறியளோ?" என்று வாசல்வரை வந்து ஏசுவார்.

ஏசட்டும். எங்கே தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.