பிளாஸ்க்கில் வெந்த கஞ்சி

போன வருடம் மழைக்காலத்தில், போர்ட் பிளேர் ஹேடோவில் என் வீட்டிலேயே நடந்தது இது. கீழ்த்தளம் சிமெண்டு, மேல்தளம் பலகை. மேல் அறையைக் கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். இருவரும் வட அந்தமான் திக்லிபூர்க்காரிகள். ஒருத்தி தமிழ், இன்னொருத்தி வங்காளி.

முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது? அறைக் கதவின் உள்பக்கம் பதினொரு விதிகளைத் தட்டச்சு செய்து ஒட்டினேன். நான்காவது விதி, அறையில் சமைக்கக் கூடாது. அடுப்பு, ஹீட்டர் காயில், கெட்டில், ரைஸ் குக்கர் எதற்கும் அனுமதி இல்லை. காரணமில்லாமல் எழுதவில்லை. முன்பு குடியிருந்த ஒருவர் வாளித் தண்ணீரில் காயிலைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பலகை கருகிய வட்டம் இன்னும் இருக்கிறது.

ஆனால் அந்தப் பெண்களுக்கு மாதம் ஒருமுறை ஊர் பஸ்ஸில் மூட்டை வரும். நொய், பாசிப்பருப்பு, தேங்காய், வெல்லம். கட்டிலுக்கடியில் இவ்வளவையும் வைத்துக்கொண்டு மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. முதலில் ஊறவைத்த அவலும் முளைகட்டிய பயறுமாக ஓட்டினார்கள். அதற்கு விதியில் தடை இல்லை. பிறகு ஒரு நாள் மாடிப்படியில் சீரகக் கஞ்சி மணம் இறங்கி வந்தது.

போய்ச் சோதித்தேன். கெட்டில் இல்லை, குக்கர் இல்லை. துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி படுக்க வைத்த ஒரு பெரிய பிளாஸ்க் மட்டும் இருந்தது. காலையில் முனையில் இருக்கும் டீக்கடையில் இரண்டு டீ குடித்துவிட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வாங்கி வருவார்களாம். ஒரு பிடி நொய், அதில் பாதி பருப்பு, உப்பு, சீரகம் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றி இறுக மூடிவிட்டால், இரண்டு மணி நேரத்தில் கஞ்சி.

"சமைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேனே, படிக்கலையா?"

"படிச்சோம் அங்கிள். நாங்க எங்க சமைச்சோம்? அடுப்பு இல்ல, கரண்ட் இல்ல. அது தானா வேகுது" என்றாள் தமிழ்ப் பெண். மற்றவள், "ஹம் தோ ஸிர்ஃப் டக்கன் பந்த் கர்தே ஹைன், அங்கிள்" என்றாள். மூடியை மூடுவது மட்டும்தான் அவர்கள் வேலையாம்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. எத்தனையோ காண்டிராக்டர்கள் விதியில் ஓட்டை தேடி என்னிடம் தோற்றுப் போயிருக்கிறார்கள். முறைப்படி விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தேன். மூன்று நாளில் நோட்டுப் புத்தகத் தாளில் பதில் வந்தது, இருவர் கையெழுத்தோடு: 'நான்காவது விதியில் பிளாஸ்க் குறிப்பிடப்படவில்லை.' தேதி இல்லாத காகிதம் செல்லாது என்று சொல்லி, தேதி போட வைத்துத்தான் வாங்கிக்கொண்டேன். விளக்கம் ஏற்கத்தக்கதல்ல என்று முடிவு செய்து, மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு தட்டச்சு செய்தேன். கையெழுத்தும் போட்டாயிற்று. கொடுக்கிற அன்று தேதி போடலாம் என்று சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன்.

மறுநாள் காலை நல்ல காற்று, மழை. கரண்ட் இல்லை. மனைவி மகளின் பிரசவத்துக்காக மெயின்லேண்ட் போயிருந்தாள். வழக்கம்போல ஏழரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு உப்புமாவுக்குத் தண்ணீர் வைத்தேன். அது சூடாவதற்குள் அடுப்பு இரண்டு முறை இருமி அணைந்தது. இன்னொரு சிலிண்டர் ஏற்கெனவே காலி. பதிவு செய்து பதினைந்து நாள் ஆகியிருந்தது.

அப்போது நான் செய்ய வேண்டியது என்ன என்று எந்தச் சர்க்கரை நோயாளியும் சொல்வான். எதையாவது வாயில் போட வேண்டும். நான் கேஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டுப் புகார் எண் கேட்டேன்.

"கப்பலே வரலியே சார், புகார் எண் வச்சு என்ன பண்ணுவீங்க?"

"கப்பல் வருவது வேறு விஷயம். புகாரைப் பதிவு செய்வது உங்கள் கடமை."

இப்படி அரைமணி நேரம். எண்ணை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தபோது கை ஆடியது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. வீட்டில் சர்க்கரை கிடையாது. வாங்கக் கூடாது என்பது என் உத்தரவு. பிஸ்கட் முந்தின நாளே தீர்ந்துவிட்டது. எதிரே ரவை டப்பா திறந்திருந்தும், அதை அள்ளித் தின்னலாம் என்று புத்திக்கு எட்டவில்லை. எப்படியோ கதவைத் திறந்து மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தது வரைதான் நினைவு.

அன்று அவர்களுக்குப் பரீட்சை. மதியத்துக்கான கஞ்சியோடு இறங்கி வந்திருக்கிறார்கள்.

"அங்கிள்! ஊசி போட்டீங்களா? சாப்பிட்டீங்களா?" தமிழ்ப் பெண்ணின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வரும்டி. ஜல்தி, வெல்லத்த எடுத்துட்டு வா!"

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து என்னை மிரட்டி மிரட்டிக் குடிக்க வைத்தாள். கண் தெளிந்ததும் உள்ளே கூட்டிப்போய் மேசையருகே உட்கார வைத்து, பிளாஸ்க்கைத் திறந்தாள். நொய் இன்னும் முழுதாகக் குழையவில்லை. ஆனால் ஆவி பறந்தது. கேஸும் கரண்டும் இல்லாத அந்தக் காலையில் என் வீட்டில் சூடாக இருந்த ஒரே சாப்பாடு அதுதான். நான்காவது விதிக்கு விரோதமானது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

நிமிர்ந்தபோது அவள் மேசையில் இருந்த உத்தரவைப் படித்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்க் மூடியை அதன் மேல்தான் வைத்திருந்தாள். எடுத்த இடத்தில் ஈர வட்டம்.

"இதுல தேதி போடல அங்கிள்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "தேதி இல்லாத காகிதம் செல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. "பரீட்சைக்கு நேரமாச்சு, போங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். காலிப் பிளாஸ்க்கோடு மழையில் ஓடினார்கள்.

இப்போது கீழே வராந்தாவில், சிமெண்டுத் தரையில், அவர்களுக்கு ஒரு ரைஸ் குக்கர் வைக்க இடம் கொடுத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை பியூஸ் போகிறது. கழுவாத பாத்திரத்தைக் காக்கை இழுத்துப் போகிறது. தினமும் கத்துகிறேன். "ஹாங் அங்கிள், ஹாங் அங்கிள்" என்கிறார்கள், ஒன்றும் மாறவில்லை. என் அலமாரியில் ஒரு டப்பா வெல்லம் இருக்கிறது.

அந்த உத்தரவையும் கோப்பில் வைத்திருக்கிறேன். எத்தனையோ காகிதங்களில் தவறாமல் தேதி போட்டுக் கையெழுத்திட்டவன் நான்; போடாமல் விட்டதற்காக இன்றும் நிம்மதியாக மூச்சுவிடுவது, கஞ்சிக் கறை பட்ட அந்த ஒரு காகிதத்தைப் பார்க்கும்போதுதான்.