ஒரு வேளைகூட விடாதவர்

அந்தமானில், மாயாபந்தர் பக்கம் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் நான் பார்மசிஸ்ட். மனைவியும் பிள்ளைகளும் மதுரையில். கவுன்ட்டரில் பகல் முழுக்க இந்திதான். தமிழ் பேச ஆள் கிடைத்தால் மாத்திரை கொடுத்த பிறகும் லேசில் விடமாட்டேன். அப்படி மாட்டியவர் புஷ்பம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். கணவர் இறந்தபின் தனியாக இருந்தார்.

வலிப்புக்கு டாக்டர் அவருக்கு கார்பமாசெபைன் எழுதினார். மாத்திரையைப் பாதியில் விட்டு, மறுபடி விழுந்து மண்டை உடைந்து வந்தவர்களை நிறையப் பார்த்தவன் நான். அதனால் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன்:

"என்ன ஆனாலும் நிறுத்தாதீங்க. ஒரு வேளைகூட விடக் கூடாது."

திருப்பிச் சொல்லவும் வைத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

மூன்றாவது வாரம் வந்தார். அடையாளமே தெரியவில்லை. உதடு வெந்து உரிந்திருந்தது. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. கழுத்தெல்லாம் கருஞ்சிவப்புத் திட்டு, இடையிடையே கொப்புளம்.

"எத்தன நாளா இப்படி?"

"அஞ்சு நாளா சார். மொதல்ல காய்ச்சலு, அப்புறம் வாயெல்லாம் புண்ணு. அம்மை போட்டிருச்சுன்னு வீட்டுலயே கெடந்தேன். ஆனா மாத்திரைய விடல. தொண்ட எரிய எரிய முழுங்கினேன். நீங்க சொன்னீங்கல்ல?"

உள்ளே ஓடி டாக்டரைக் கூட்டிவந்தேன்.

"டேப்லெட் பந்த் கரோ, அபி!" என்று டாக்டர் கத்தினார். மாத்திரையை இப்போதே நிறுத்து! அந்த மாத்திரை அபூர்வமாகச் சிலருக்கு இப்படிச் செய்யும். தீப்பட்டதுபோல் தோல் உரியும், உயிரும் போகலாம். போர்ட் பிளேருக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் வந்தது.

"சாத் மே கௌன் ஹை?" என்றார் டிரைவர். கூட யார் வருகிறார்கள்? புஷ்பம் என்னைப் பார்த்தார். நான் ஏறிக்கொண்டேன்.

பிழைத்துவிட்டார். சில மாதம் கழித்து, வேறு மாத்திரைச் சீட்டோடு கறுப்புக் கண்ணாடி போட்டு வந்தார்.

"கண்ணு எந்நேரமும் உறுத்துது சார். அழுகை வந்தாக்கூட கண்ணீர் வரமாட்டேங்குது."

"என் மேல கோவம் இல்லையா?"

"எனக்கு இதச் செய், அதச் செய்யாதன்னு சொல்ல வேற யாரு சார் இருக்கா? அதான் நீங்க சொன்னத அப்படியே கேட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புதிதாக வேலைக்கு வருபவர்களே, "நிறுத்தாதீங்க" என்பதோடு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் தடிப்பு எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல் அன்றைக்கே வரச் சொல்லுங்கள். வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால் உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள்.

நான் கொடுக்கவில்லை. அந்த ஐந்து நாளும் குவார்ட்டர்ஸில் என் போன் சும்மாதான் கிடந்தது.