ஒரு நாள் வீட்டுக்கு வாங்க

எக்ஸ்ரே அக்கா என்றால்தான் அந்த ஆஸ்பத்திரியில் அவளைத் தெரியும். காலையிலிருந்து மாலைவரை, தடுப்புக்குப் பின்னால் நின்றபடி அவள் பேசுவது இரண்டே வாக்கியம்: "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க." "ம், விடலாம்."

மாலையில் மட்டும் இன்னொன்று உண்டு. சீட்டுக் கொடுக்கும் கவுன்டர்க்காரி கைப்பையை மாட்டிக்கொண்டு கதவில் தலையை நீட்டுவாள். "அக்கா, ஒரு நாள் வீட்டுக்கு வாங்க."

"வரேன், வரேன்."

ஒன்பது வருஷமாக இப்படித்தான். கூப்பிடுவது மரியாதை, வருகிறேன் என்பது பதில் மரியாதை. அதன்பின் அவரவர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியது. எங்கும் எழுதி வைக்காத இந்தச் சட்டம் அக்காவுக்குத் தெரியாததல்ல.

ஆனால் அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டுவிட்டன. ஒரு ஞாயிறு மதியம், விடிந்ததிலிருந்து தான் வாயே திறக்கவில்லை என்பது உறைத்தது. "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சுவரிடம் சொல்லிப் பார்த்தாள். குரல் கரகரத்தது. எழுந்து உடை மாற்றி, கடையில் ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கி, பஸ் ஏறிவிட்டாள்.

கதவைத் திறந்த கவுன்டர்க்காரியின் தலையில் ஈரத் துண்டு. உள்ளே சோபா முழுக்க மடிக்காத துணி. அதன் நடுவே படுத்திருந்த புருஷன் எழுந்து சட்டையைத் தேடினான்.

"அக்கா! என்னக்கா, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

நீதானே கூப்பிட்டாய் என்பது நாக்கு நுனிவரை வந்தது. "ச்சே ச்சே. பக்கத்துத் தெருவுல தெரிஞ்சவங்க ஒருத்தரைப் பாக்க வந்தேன். அப்படியே உன்னை எட்டிப் பாத்துட்டு..."

"அப்பாடா, பயந்தே போயிட்டேன். உள்ள வாங்கக்கா, வீடுதான் குப்பையா கெடக்கு." பிறகு அவள் கண் பையில் விழுந்தது. "பழமெல்லாம் வாங்கியிருக்கீங்க. உடம்பு சரியில்லாதவங்களா?"

"ஆமா. கொஞ்ச நாளா."

"பாவம், காத்துக்கிட்டிருப்பாங்க."

அப்படிச் சொன்ன பிறகு பழத்தை எப்படிக் கொடுப்பது? பையோடு திரும்பினாள்.

திங்கட்கிழமை கவுன்டர்க்காரி மறக்காமல் விசாரித்தாள். "அவங்க எப்படிக்கா இருக்காங்க?"

"பரவாயில்ல. யாராவது போய்ப் பாத்தா கொஞ்சம் தெம்பா இருக்காங்க."

மதியம் எக்ஸ்ரே அறையில் ஓர் ஆரஞ்சை உரித்தாள். தேனாக இருக்கும் என்று கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான். பல் கூசியது.

மாலையில் கதவில் தலை நீண்டது. "வரேன், வரேன்" என்பது அக்காவின் நாக்கில் தயாராக இருந்தது.

"கிளம்புறேன்க்கா" என்று சொல்லி ஒரு கணம் தயங்கிய தலை, மறைந்துவிட்டது.

கடைசி ஆளை நிற்க வைத்து, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றாள். "ம், விடலாம்" என்று சொல்ல அன்று கொஞ்சம் தாமதமாயிற்று.