அக்காவின் தலைவலியைத் திருடியவன்

காயல் கரை மருத்துவமனையில் ஆக்சிஜன் இரும்பறைக்கு ஏர்லீன்தான் பொறுப்பு. சிங்கி இறாலுக்காகக் கடலடிக்குப் போய், அவசரமாக மேலே வந்து, ரத்தத்தில் குமிழி கட்டிக் கால் விழுந்தவர்களை அதற்குள் படுக்கவைத்து, அழுத்தம் ஏற்றி, கூடவே உட்கார்ந்திருப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. அந்த மிஸ்கிட்டோக் கடற்கரையில் தடியூன்றி நடக்கிற ஆண்களில் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

அவளுக்கும் ஒரு பீடை உண்டு, ஒற்றைத் தலைவலி. ஒருநாள் துடித்துக் கிடந்தவளை டாக்டர் பஸ்தோஸ் அதே அறையில் படுக்கவைத்து முக்கால் மணி நேரம் ஆக்சிஜன் கொடுத்தார். வலி போயே போய்விட்டது. "எல்லாருக்கும் கேட்கும்னு சொல்ல முடியாது. திரும்ப வராதுன்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். ஏர்லீன் அதை விட்டுவிட்டு, வலி போன கதையை மட்டும் ஊரெல்லாம் சொன்னாள். அதுதான் வினையாகப் போயிற்று.

அன்று காலை அவளுக்கு மறுபடி தலை தெறித்துக்கொண்டிருந்தது. இறால் படகில் முக்குளிக்கப் போகும் தம்பி நில்டோவைப் படகுக்காரன் ஒருவன் தாங்கிக்கொண்டு வந்து வெளிப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனான்.

"அக்கா, உன் தலைவலி எனக்கும் வந்துடுச்சு. அந்த முக்கால் மணி நேரத்தைப் போட்டு விடு."

பிரசவ அறைக்கு ஓடிக்கொண்டிருந்த டாக்டர் அவன் சொன்னதை அப்படியே சீட்டில் எழுதிவிட்டுப் போனார்.

ஏர்லீன் கண்ணுக்கு மேல் கையை வைத்து அவனைப் பார்த்தாள். காயல் தண்ணீரில் வெயில் தகதகக்கிறது. இவன் கண் கொட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"ஏன்டா, வெளிச்சம் கூசலையா உனக்கு?"

"இல்லையே."

"குமட்டல்?"

"அதெல்லாம் இல்ல. வாழைப்பழக் கூழு ரெண்டு கிண்ணம் குடிச்சேன்."

"கடைசியா எப்போடா ஒண்ணுக்குப் போனே?"

"நேத்துக் காலையில." குமிழி முதுகுத்தண்டில் கட்டினால் காலோடு சிறுநீரும் நின்றுபோகும் என்பது அவளுக்குத் தெரியும்.

"எழுந்து நில்லு."

"எதுக்குக்கா?"

"நில்லுடான்னா!"

பெஞ்சைப் பிடித்து எழுந்தான். இடது கால் துணிபோல் மடங்கியது. பொத்தென்று விழுந்தான்.

"நேத்து மத்தியானத்துலேருந்து மரத்துப் போச்சு. கால்னு சொன்னா கேப்டன் முக்குளிக்கிறவங்க பட்டியல்லேருந்து பேரை அடிச்சுருவான். தலைவலின்னா மாத்திரை குடுத்து விட்டுருவான். எல்லாப் பயலும் அப்படித்தான்க்கா சொல்றான்."

"அடப்பாவி! பொய் சொல்ல என் தலைவலிதான் கிடைச்சுதா? முக்கால் மணியில வெளியே விட்டிருப்பேனேடா! ஆயுசுக்கும் தடியூன்றியிருப்பியே!"

அவள் போட்ட கூச்சலில் டாக்டர் ஓடி வந்தார். சோதித்துப் பார்த்ததும் சீட்டைக் கிழித்தார். கூடுதல் அழுத்தம், ஏறக்குறைய ஐந்து மணி நேரம் என்றார். ஏர்லீனும் உள்ளே போனாள். துணைக்கு இருப்பவருக்குச் சாதாரணக் காற்றுதான். ஆக்சிஜன் முகமூடி கடைசி அரைமணிக்கு மட்டும். விளக்கு கண்ணைக் குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு, விடாமல் அவனைத் திட்டினாள். அவனை, அவனைக் கடலடிக்கு அனுப்பிய கேப்டனை, டாக்டர் சொன்னதை முழுங்கிவிட்டுக் கதையளந்த தன்னை.

நாலாவது மணியில் நில்டோ மெதுவாக, "அக்கா, பாட்டில் குடு" என்றான். சிறுநீர் விழும் சத்தம் கேட்டது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். சற்றுக் கழித்து இடது கட்டைவிரலும் அசைந்தது.

முகமூடி போட்டதும் அவள் வலியும் கொஞ்சம் இறங்கிற்று. அப்போது அந்த மடையன் சொல்கிறான்:

"சனிக்கிழமை படகு கிளம்புது. தலைவலி சரியாப்போச்சுன்னு கேப்டன்கிட்ட நீயே சொல்லிடு."

கதவு திறந்தபோது கேப்டனே தொப்பியும் கையுமாக வாசலில் நின்றிருந்தான்.

"என்ன, பையனுக்குத் தலைவலி விட்டுச்சா?"

"தலைவலி எனக்கு" என்றாள் ஏர்லீன், மருத்துவமனை முழுக்கக் கேட்கும்படி. "இவனுக்குக் கால் போச்சு. பேரை அடிச்சுக்கோ."