அக்காவின் ஆங்கிலமும் அக்காவின் சந்தேகமும்

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் நீங்கள் முதலில் பார்த்திருப்பது அட்டைப் படமாகத்தான் இருக்கும். அந்தப் படத்தில்கூட அக்கா புகைப்படக்காரரைச் சற்றுச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார். சிரித்த மாதிரி வேறு படம் போடலாமே என்று சிலர் சொன்னார்கள். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "இதுதான் அவ. இதையே போடு" என்று சொல்லிவிட்டார்.

அக்கா இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் வீட்டுக்குள் கேட்கும் தூரத்தில் பிறந்தவர். அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். அக்காவுக்குப் பிறகு நான், வேறு பிள்ளைகள் இல்லை. அக்கா பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில்தான் படித்தார். பிளஸ் டூ முடித்து நர்சிங் பயிற்சியில் சேர்ந்த அன்றுதான், பாடப் புத்தகம் முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதைக் கண்டு பயந்துபோய் வீட்டுக்கு வந்தார். பக்கத்துப் பெஞ்சில் அதே பயத்தோடு உட்கார்ந்திருந்தவர், அதே இரும்புலியூரைச் சேர்ந்த ஸ்டெல்லா. அன்று முதல் இருவரும் இணைபிரியாத தோழிகள். பிற்காலத்தில் தாம்பரத்தில் ஒரே தனியார் மருத்துவமனையில், ஒரே வார்டில் வேலை பார்த்தார்கள். மருத்துவமனை வழக்கப்படி எங்கள் வீட்டிலும் அவர் ஸ்டெல்லா சிஸ்டர்தான்.

அக்காவின் சந்தேகக் குணம் பிறவியில் வந்ததல்ல, வேலையில் வந்தது. ஒரே எழுத்துகளில் தொடங்கி ஒரே மாதிரி முடியும் இரண்டு மருந்துகள். ஒன்று ரத்த அழுத்தத்துக்கு, மற்றது அரிப்புக்கு. வேலையில் சேர்ந்த புதிதில் ஒருவர் அவசரத்தில் அதை மாற்றி எடுத்து வந்துவிட்டார். நோயாளியின் கைக்குப் போகும் முன் அக்கா பார்த்துத் தடுத்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் ஒரு முறை படித்து நம்பியதில்லை. பால் பாக்கெட்டின் தேதி, கல்யாணப் பத்திரிகையின் முகவரி, நான் "சாப்பிட்டேன்" என்று சொல்வது, எல்லாமே அவருக்குச் சரிபார்க்க வேண்டிய விஷயங்கள்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, மாரடைப்பில் காலமானபோது அவர்கள் மகள் நிவேதா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா அழுதுகொண்டே இருக்கவில்லை. அம்மாவையும் நிவேதாவையும் அழைத்துக்கொண்டு சிட்லபாக்கத்தில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு பார்த்துக் குடிவந்தார். நிவேதா பொத்தேரியில் கல்லூரியில் சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாம்பார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "நானும் ஸ்டெல்லாவும் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போகப் போறோம்" என்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

அதற்கு ஓர் ஆங்கிலத் தேர்வு உண்டு. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என நான்கிலும் உயர்ந்த மதிப்பெண் வேண்டும். "இந்த வயசுல எதுக்கு?" என்று உறவில் பலர் கேட்டார்கள். "ஏன் கேக்கறாங்க? நான் போனா இவங்களுக்கு என்ன?" என்று அக்கா என்னைத் தனியாக விசாரித்தார்.

அக்கா ஆங்கிலம் படித்த விதத்தை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு சொல்லையும் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்து விசாரிப்பது போலப் படிப்பார். 'ரிசீட்' என்ற சொல்லின் நடுவில் ஒரு 'பி' இருக்கிறது, அதை உச்சரிப்பதில்லை. "வேலையும் செய்யல, எழுந்தும் போகல. அப்புறம் எதுக்கு இது இங்க உக்காந்திருக்கு?" என்று கேட்பார். 'ஃப்யூ' என்றால் அனேகமாக இல்லை, முன்னால் ஓர் 'ஏ' போட்டால் கொஞ்சம் இருக்கிறது என்று நான் விளக்கியதை நம்பாமல், ஸ்டெல்லா சிஸ்டருக்கு போன் செய்து கேட்டு, அவரும் அதையே சொன்ன பிறகு, "ரெண்டு பேரும் ஒரே யூடியூப்ப பாத்திருக்கீங்க" என்றார்.

உச்சரிப்புக்கு ஏரிக்கரை நடைபாதை. மாலையில் இருவரும் நடந்துகொண்டே பயிற்சி செய்வார்கள். ஆங்கிலத்தில் 'வி' வேறு, 'டபிள்யூ' வேறு. ஒன்றுக்குக் கீழுதட்டைக் கடிக்க வேண்டும், மற்றதற்கு உதட்டைக் குவிக்க வேண்டும். இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள் மாறி மாறி உதட்டைக் கடித்தும் குவித்தும் போவதைப் பார்த்து, நடக்க வந்த பெரியவர்கள் தள்ளிப் போவார்கள். "இன்னாடி, எல்லாரும் நம்மளயே பாக்குறாங்கோ" என்று ஸ்டெல்லா சிஸ்டர் சிரிப்பார். "பாக்கட்டும். நீ 'வெரி வெல்' சொல்லு" என்பார் அக்கா.

படித்துப் புரிந்துகொள்ளும் பகுதிதான் அக்காவுக்கு மிகவும் பிடித்தது. ஒரு கட்டுரை கொடுத்து, சில வாக்கியங்கள் கொடுப்பார்கள். கட்டுரைப்படி அது உண்மையா, பொய்யா, அல்லது அதைப் பற்றிக் கட்டுரையில் தகவலே இல்லையா ('நாட் கிவன்') என்று சொல்ல வேண்டும். இந்த மூன்றாவது விடையை எழுத அக்காவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. நிவேதாவுக்கு ஒரு வரன் கொண்டுவந்த உறவினர், "பையன் தங்கமான பையன்" என்றபோது, அக்கா மரியாதையாகக் காபியை நீட்டிவிட்டு, "நாட் கிவன்" என்றார். உறவினருக்குப் புரியவில்லை. நிவேதா சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

முதல் முறை எழுதியபோது இருவருக்குமே எழுத்துப் பகுதியில் மதிப்பெண் போதவில்லை. அதனால் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தார்கள். அதை நடத்தியவர் இனிமையாகப் பேசுவார். முதல் வாரமே எல்லோருக்கும் சில ஆங்கிலக் கட்டுரைகளைக் கொடுத்து, "இதை மனப்பாடம் பண்ணுங்க. என்ன தலைப்பு வந்தாலும் இதுல ஒண்ண மாத்தி எழுதிடலாம்" என்றார்.

அக்கா எழுந்து நின்றார். "சார், எல்லாரும் ஒரே கட்டுரைய எழுதினா, திருத்தறவங்களுக்குச் சந்தேகம் வராதா?"

"நீங்க ரொம்ப டவுட் படறீங்க சிஸ்டர். ரிசல்ட்ட பாருங்க, அப்புறம் பேசுங்க."

அக்கா அந்தக் கட்டுரைகளைத் தொடவில்லை. சொந்தமாக எழுதிப் பழகினார். ஸ்டெல்லா சிஸ்டருக்கோ வீட்டில் படுக்கையில் கிடந்த மாமியார், இரண்டு பிள்ளைகள், அதற்கு மேல் டியூட்டி. "எனக்கு ஏதுடி டைம்? நான் மனப்பாடமே பண்ணிக்கிறேன்" என்றார். அக்கா தடுத்துப் பார்த்தார், முடியவில்லை.

இரண்டாம் முறை தேர்வு எழுதினார்கள். எல்லோருக்கும் முடிவு வந்த நாளில் இவர்கள் இருவருக்கும் வரவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் திரையில் வந்தது. அந்த சென்டரில் படித்த பலருக்கும் அப்படித்தான். அன்று மாலையே சென்டர்க்காரர் அக்காவுக்கு போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்மள யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க சிஸ்டர். உங்க கூட வருவாங்களே, அவங்கதான்னு கேள்விப்பட்டேன். நீங்களும் மனப்பாடம் பண்ணித்தான் எழுதினீங்கன்னு சொல்லிட்டாங்களாம்" என்றார்.

எதையும் நம்பாத அக்கா அதை மட்டும் நம்பினார். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டால் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

பிறகு தேர்வு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் போனில் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் உண்மையிலேயே தேர்வு அலுவலகத்தைச் சேர்ந்தவர்தான் என்று மின்னஞ்சலில் உறுதிப்படுத்தும் வரை அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. உறுதியான பிறகு, சென்டரில் கட்டுரை கொடுத்தது உண்மை, தான் அதைப் பயன்படுத்தவில்லை என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார். "வேறு யார் பயன்படுத்தினார்கள்?" என்று அந்த அம்மையார் கேட்டார். தன்னைக் காட்டிக்கொடுத்தவர் என்று தான் நம்பிய தோழியின் பெயர் அக்காவின் நாக்கு நுனியில் இருந்ததை நான் பார்த்தேன். "என் பேப்பரைப் பற்றித்தான் என்னால் பேச முடியும். மற்றவர்களைப் பற்றி அவர்களிடமே கேளுங்கள்" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு மறுதேர்வு வைத்தார்கள். கண்காணிப்பாளர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, புதுத் தலைப்பில் எழுதினார். வேண்டிய மதிப்பெண்ணைவிடக் கூடுதலாகவே வந்தது. ஸ்டெல்லா சிஸ்டரின் முடிவு ரத்தானது. சில காலம் தேர்வு எழுதவும் தடை விதித்தார்கள்.

அதன் பிறகு, பல வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்ட இருவரும் ஒரே வார்டில் நின்றுகொண்டு, டியூட்டி மாறும்போது நோயாளிகளைப் பற்றி மட்டும் பேசினார்கள். 'ஆறாம் பெட்டுக்கு ஜுரம் குறைஞ்சிருக்கு.' 'சரி.' அவ்வளவுதான். அக்கா இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் எல்லோரும் இருந்தோம், ஸ்டெல்லா சிஸ்டர் வரவில்லை. அக்கா அடிக்கடி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரு சிறிய ஊரில், முதியவர்களுக்கான வார்டில் வேலை. குளிரும் தனிமையும் அவரை வாட்டின. ஒரு நாள் போனில், சம்பந்தமே இல்லாமல், "டேய், ஸ்டெல்லா வீட்டுக்குப் போய் ஒண்ணு கேட்டுட்டு வா. அவ சொன்னாளா, இல்லையா? சொல்லியிருந்தாலும் பரவால்ல. ஆனா கேளு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்திருப்பார் என்று கணக்குப் போட்டு இரும்புலியூர் போனேன். ஸ்டெல்லா சிஸ்டர் கேட்டைத் திறக்கவில்லை. உள்பக்கம் நின்றபடியே, "உங்க அக்கா அனுப்புச்சா? எதுக்கு? இன்னும் இன்னா பாக்கி கீது?" என்றார்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் சொன்னேனா? உங்க அக்காதான் என் பேரக் குடுத்துச்சு! சென்டர் சாரே எனக்கு போன் பண்ணிச் சொன்னாரு."

"எப்போ சிஸ்டர்?"

"ரிசல்ட் வராத அன்னிக்கே. சாயங்காலம்."

"அதே சாயங்காலம் அவர் அக்காவுக்கும் போன் பண்ணினார். நீங்கதான் காட்டிக்கொடுத்ததா சொன்னார்."

ஸ்டெல்லா சிஸ்டர் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். தேர்வு அலுவலகத்தோடு அக்கா போனில் பேசியபோது நான் பக்கத்தில் இருந்ததையும், அக்கா யார் பெயரையும் சொல்ல மறுத்ததையும் சொன்னேன். என்னை நம்புவதா வேண்டாமா என்று என் முகத்தையே பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்துவிட்டு, என் போனை வாங்கி, அக்காவைக் கூப்பிட்டார். எடுத்ததும் வந்த முதல் வாக்கியம், "ஏய், ஒரே ஆளு நம்ம ரெண்டு பேரையும் லூசாக்கிட்டு போயிட்டான்டி!" அடுத்தது அழுகை. அந்த மனிதர் தன் மேல் பழி வராமல் இருக்க எத்தனை பேரை இப்படிப் பிரித்தாரோ தெரியாது. ஒரே மாதிரி எழுதிய தாள்களைக் கண்டுபிடிக்க யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை என்பதை அக்கா பிறகு தெரிந்துகொண்டார்.

மறுபடியும் இருவரும் படிக்க ஆரம்பித்தார்கள், இந்த முறை போனில். தடைக்காலம் முடிந்ததும் ஸ்டெல்லா சிஸ்டர் சொந்தமாக எழுதித் தேர்ச்சி பெற்றார். அங்கே வேலையும் கிடைத்தது.

அவர் புறப்படத் தயாராக இருந்த சமயத்தில்தான் அக்கா திரும்பி வந்தார். அங்கே தன் உடல் மெலிவதைப் பார்த்து, மருத்துவர்களுக்கு முன்பே அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கணையத்தில் புற்றுநோய். அங்கேயே சிகிச்சை எடுக்கச் சொன்னார்கள். "என் வீட்டுக்குப் போகணும்" என்று வந்துவிட்டார். ஸ்டெல்லா சிஸ்டர் பயணத்தைத் தள்ளிவைத்தார். தினமும் டியூட்டி முடிந்து நேராகச் சிட்லபாக்கம் வந்து, ஊசி போட்டு, உடம்பு துடைத்து, தலை வாரிவிட்டுப் போவார்.

அம்மாவிடம் நாங்கள் வயிற்றுப் புண் என்றுதான் சொல்லியிருந்தோம். அக்காவின் உத்தரவு அது. அம்மா கட்டிலை விட்டு நகரவே மாட்டார். அதனால் வலி, மருந்து, மிச்சமிருக்கும் காலம், எல்லாவற்றையும் அவர்கள் இருவரும் அம்மாவுக்கு எதிரிலேயே ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். ஒரு மாலை அக்கா, "ஹவ் லாங்?" என்று கேட்டார். ஸ்டெல்லா சிஸ்டர் போர்வையைச் சரிசெய்தபடி, "வெரி சூன்" என்றார்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல என்ன குசுகுசுன்னு பேசறீங்க?"

"ஸ்டெல்லாவுக்குப் பரீட்சைம்மா. சொல்லிக் குடுக்கறேன்" என்றார் அக்கா.

"இன்னுமா முடியல உங்க பரீட்சை? சீக்கிரம் முடிச்சுட்டுத் தூங்கு" என்றார் அம்மா.

அந்த வாரமே, நாங்கள் எல்லோரும் சுற்றி இருக்க, அக்கா அமைதியாகக் கண் மூடினார்.

அக்காவின் கடைசி நாட்களில் வீடு தேடி வந்து பார்த்த மருத்துவருக்கும், கேட்காமலே சமைத்துக் கொண்டுவந்த எங்கள் தெருக்காரர்களுக்கும், உடன் வேலை பார்த்த செவிலியர்களுக்கும், வேலைக்கு விடுப்பு எடுத்து அம்மாவின் பக்கத்தில் இருந்த நிவேதாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. இங்கிலாந்திலிருந்து இந்த மலருக்குப் படங்கள் அனுப்பிய ஸ்டெல்லா சிஸ்டருக்கு நன்றி என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார். எழுதிவிட்டேன்.

நிறைவாக ஒன்று. காரியங்கள் முடிந்து, ஸ்டெல்லா சிஸ்டர் இங்கிலாந்துக்குப் புறப்படும் முன் அம்மாவிடம் விடைபெற வந்தார். அம்மா அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "சூன்னா சீக்கிரம்னு எனக்குத் தெரியும்மா. அவ வருஷக் கணக்கா இந்த வீட்டுல சத்தமா படிச்சா, என் காதுல விழாதா? எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவ ஆசப்பட்டா. சரி, தெரியாத மாதிரியே இருந்துட்டேன்" என்றார்.

அம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

தம்பி,
சிட்லபாக்கம்