சமவெளியில் நிற்கிறவள்

அந்தக் கல்கதவு திறந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வரதய்யபாளையத்தில் நாங்கள் குடியிருந்த மாடி அறையில் குக்கர் இரண்டாவது விசில் அடித்திருந்தது. டிவியில் ஓடிய வீடியோ கேமில் எங்கள் பெண், கையில் ஈட்டியோடு, மாதக்கணக்காக நடந்துவந்த குறுகல் பாதையின் முடிவில் நின்றாள். கதவு இரண்டாகப் பிளந்தது. அதற்கு அப்பால் பச்சைப் புல்வெளி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும். மாமா அவளை நாலடி நடத்தினார், நிறுத்தினார், ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கவிட்டார். பிறகு கண்ட்ரோலரைப் பாய்மேல் வைத்துவிட்டு, "இப்ப எந்தப் பக்கம் போறது?" என்று கேட்டார். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம், இனிமேல்தான் விளையாட்டே ஆரம்பம் என்றேன். அவர் முகத்தில் சந்தோஷத்தையே காணோம். சாதம் குழைந்துவிடும் என்று சொல்லி எழுந்து போனார்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். அக்காவும் பெண் குழந்தையும் புத்தூரில் அவருடைய அம்மா வீட்டில் இருந்தார்கள். தினமும் போய்வர முடியாத தூரம் என்பதால், ஆந்திர எல்லையில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை செய்த நாங்கள் இருவரும் வரதய்யபாளையத்தில் அறை எடுத்திருந்தோம். கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனி அது. ஒரு பெரிய பலகை இருக்கும். எந்த வயர் எந்த ஆணியைச் சுற்றி எங்கே போய் முடிய வேண்டும் என்று அதில் கோடு போட்டிருக்கும். கோட்டின்மேல் வயரை வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். யோசிக்கிறவன் பின்தங்கிவிடுவான். மாமா யோசிக்க மாட்டார். எங்கள் லைனிலேயே அவர் கைதான் வேகமான கை.

ஒரே பலகையில் இரண்டு ஷிப்டிலும் நாங்கள்தான். ஒரு வாரம் அவர் காலை, நான் மதியம், மறுவாரம் மாற்றி. மணி அடித்ததும் பாதி வேலையை அப்படியே விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். வருகிறவன் எங்கே ஆரம்பிப்பது என்று தடுமாறக் கூடாது என்பதற்காக எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. போகிறவன் அடுத்த வயரை எடுத்து, முதல் ஆணியில் மாட்டி, அதன் நுனியைப் போகவேண்டிய பக்கம் நீட்டி வைத்துவிட்டுப் போவான். வருகிறவன் அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு மேலே போவான். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

விளையாட்டுப் பெட்டி வந்தது தற்செயலாக. சென்னையிலிருந்து வந்து மேல்மாடியில் தங்கியிருந்த இன்ஜினியர் ஒருவர், கல்யாணம் நிச்சயமானதும் இனி இதற்கு நேரமிருக்காது என்று எங்களிடம் விட்டுப்போனார். கூடவே ஒரே ஒரு விளையாட்டு. தன் ஊரைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை. இன்டர்நெட்டில் பார்த்தால் எல்லோரும் அதைத் திட்டித் தீர்த்திருந்தார்கள். போகிற வழி எல்லாம் ஒரே சந்து, இடது வலது கிடையாது, முன்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான் என்று. எங்களுக்கோ அதுவே வசதியாகப் போயிற்று. காலை ஷிப்டு முடித்து வந்தவன் சாயங்காலம் விளையாடுவான், மதிய ஷிப்டுக்காரன் காலையில் விளையாடுவான். இருவருக்கும் சேர்த்து ஒரே சேவ், ஒருவன் நிறுத்திய இடத்திலிருந்து மற்றவன் தொடர்வான். மாமாதான் பலகை வழக்கத்தை அங்கேயும் கொண்டுவந்தார். நிறுத்துகிறபோது அவளைப் போகவேண்டிய பக்கம் முகம் திருப்பி வைத்துவிட்டு அணைக்க வேண்டும். அணைத்ததைத் திறந்தால் அவள் முதுகு தெரியும், அவள் பார்க்கிற பக்கம் வழி இருக்கும். அவ்வளவுதான்.

ஷிப்டு மாறுகிற வேளையில் கேட்டருகே ஒரு நிமிடம் எதிரெதிரே வருவோம். வீட்டு விஷயம் பேச அந்த நேரம் போதாது. பாலத்தைத் தாண்டியாயிற்று, இரட்டைத் தலை நாயைக் கொன்றாயிற்று என்பது போல ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். சண்டைபோட்டுக்கொண்ட வாரங்களிலும் அது நிற்கவில்லை. மைத்துனனும் மாமனும் இதைவிட ஒற்றுமையாக ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தில் நடந்த மாதங்கள் என் வாழ்க்கையிலேயே நிம்மதியானவை என்று இப்போது தோன்றுகிறது.

கதவு திறந்ததோடு அது போயிற்று. சமவெளியில் அங்கங்கே தீ மூட்டி உட்கார்ந்திருந்த ஆட்கள் ஆளுக்கொரு வேலை சொன்னார்கள். ஒருவனுக்கு ஆடு தொலைந்துவிட்டது, இன்னொருவனுக்கு ஓணான் கறி வேண்டும். செய்யலாம், செய்யாமலும் விடலாம். கதை எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. முதல் வாரம் எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம், வேலை முடிந்து வந்து பெட்டியைப் போட்டு, அவளை அங்கும் இங்கும் ஓடவிட்டு, சலித்து அணைத்துவிடுவேன். சந்தில் சலிப்பு வந்தால் சந்தைத் திட்டலாம். இந்த வெட்டவெளியில் யாரைத் திட்டுவது? போகாமல் இருப்பது நான்தான் என்று அது என் முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொண்டிருந்தது. எட்டு மணி நேரம் நின்று கால் கடுத்து வருகிறவனுக்கு அது வேறு தேவையா என்று எரிச்சலாக வரும்.

மாமா மட்டும் விடாமல் விளையாடினார். கேட்டருகே ஒன்றும் சொல்வதில்லை, கேட்டால் "போய்க்கினு இருக்கேன்" என்பார். ஒரு ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். புல்வெளியின் வடக்குக் கோடியில் மலையடிவாரத்தில் கொம்பு வைத்த ராட்சத ஓணான் ஒன்று நின்றது. அவள் கிட்டே போவாள், அது ஒரு மிதி மிதிக்கும், செத்துப்போவாள். மறுபடி எழுந்து போவாள், மறுபடி மிதி. எங்கள் பெண்ணின் பலத்துக்குத் துளியும் சம்பந்தமில்லாத மிருகம் அது. வாரம் முழுக்க இதைத்தான் செய்திருக்கிறார். எதற்கு இங்கே வந்து முட்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "நீ தானடா இந்தப் பக்கம் திருப்பி வெச்சிட்டுப் போன. நீ காட்டின பக்கந்தான் போய்க்கினு இருக்கேன்" என்றார்.

நான் எதையும் காட்டவில்லை. முந்தின வாரம் வாசலில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த கேஸ்காரர் கூப்பிட்டார் என்று கண்ட்ரோலரைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன், அவள் எந்தப் பக்கம் பார்த்து நின்றாளோ நின்றாள். இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா சிரிக்கவில்லை. அப்படியா என்றார். பெட்டியை அணைத்தார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை.

அந்த மழைக்காலத்தில்தான் கம்பெனியில் எங்கள் லைனை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். கூடவே வருகிறவர்கள் வரலாம், மற்றவர்கள் கணக்கு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். நாங்கள் இருவரும் முடித்துக்கொண்டோம். நான் திருப்பதிக்கு வந்து, லாட்ஜ்களுக்கு கேமரா பொருத்துகிற ஒருவரிடம் சேர்ந்தேன். மாமாவுக்கு என்னைவிட நிறைய வழி இருந்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். குப்பத்தில் அவருடைய சித்தப்பா கிரானைட் யார்டில் இருந்தார், அவரும் வரச் சொன்னார். லைசென்ஸ் இருந்தது, வண்டி ஓட்டலாம். புத்தூரிலேயே பங்குக்கு நிலமும் உண்டு. அக்காவிடம் கேட்டாராம். உங்க இஷ்டம், எங்கே போனாலும் நான் வருகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். ஊரில் எந்தப் பெண்டாட்டியும் சொல்லாத வார்த்தை என்று அவருடைய அம்மாவே மெச்சிக்கொண்டார்.

புத்தூர் வீட்டுக்குத் திரும்பிய மாமா அங்கிருந்து எங்கேயும் போகவில்லை. காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு கட்டில்மேல் உட்காருவார், மத்தியானம் அதே சட்டையோடு சாப்பிடுவார். தெலுங்கில் அவருடைய அப்பாவும் தமிழில் அம்மாவும் மாறிமாறி ஏசினார்கள். குடிக்கவில்லை, கோபப்படவில்லை, குழந்தையைக்கூடக் கொஞ்சவில்லை. அவரைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். மனுஷன் இப்படியே உட்கார்ந்து போய்விடுவாரோ, அக்கா கதி என்ன என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போவேன்.

ஒருநாள் திருப்பதி திரும்புகிற பஸ்ஸில்தான் எனக்கு அந்த ஓணான் நினைவுக்கு வந்தது. மறுவாரம் போனதும் அக்காவை மாடிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். இஷ்டம் இஷ்டம் என்று சொல்லாதே, ஒரு பக்கம் கையைக் காட்டிவிடு, தப்பான பக்கமானாலும் அவர் போவார், காட்டாவிட்டால் நகர மாட்டார் என்று. கேஸ்காரர் கதையையும் சொன்னேன். அக்கா அப்போது ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டே கேட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"தெலுங்குல படிக்கணுமா தமிழ்ல படிக்கணுமான்னு நைனா சொன்னாரு. எந்த காலேஜ், எந்த வீடு, எல்லாம் அவங்களே சொன்னாங்க. நானும் போய்க்கினே இருந்தேன். இவரையாவது யாரும் ஒரு பக்கமா தள்ள வேணாம்னு பாத்தேன்டா. அது அவருக்கு பாரமா பூட்ச்சா?"

அவள் கீழே இறங்கிப் போனாள். துணியை மடித்தாள், பீரோவில் வைத்தாள், கதவைச் சாத்தினாள். கட்டிலருகே போய் நின்று, திருப்பதியில் வீடு பார்க்கலாம், தம்பி அங்கேதான் இருக்கிறான், நீங்கள் மலைக்கு வண்டி ஓட்டுங்கள், நான் அங்கே ஏதாவது பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொள்கிறேன் என்றாள். குரலில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை, வேலை ஒன்றை முடிக்கிற தொனி. மாமா உடனே சரி என்றார். அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ச் சூட்கேஸுக்குப் பூட்டு வாங்கிவந்தார்.

இப்போது அவர் மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து திருமலைக்கு யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டுகிறார். ஏறுவதற்கு ஒரு ரோடு, இறங்குவதற்கு இன்னொரு ரோடு. இறங்குகிற ரோட்டில் ஏற முடியாது, ஏறுகிற ரோட்டில் திரும்ப முடியாது. ஒவ்வொரு வளைவும் அவருக்குப் பழக்கம். உடம்பு தேறிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார். இந்த வேலையில் என்ன பிடித்திருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். மேலே போனால் கீழே வர வேண்டும், அதில் கேள்வியே இல்லை என்றார். அவரைக் கிண்டல் செய்ய நினைத்தேன், மனசு வரவில்லை.

மற்றதெல்லாம் அக்கா பார்த்துக்கொள்கிறாள். குழந்தை எந்த ஸ்கூல், எந்த மீடியம், வீட்டை மாற்றுவதா வேண்டாமா, மாமியாருக்கு எந்த டாக்டர், இன்றைக்கு என்ன குழம்பு. மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். நல்ல மனுஷன் என்று தெருவே சொல்கிறது. அக்காவுக்குக் கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. காய்கறிக்காரர் வண்டியை நிறுத்தி இன்றைக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்டால், சில நாள் அவள் பதில் சொல்லாமல் வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கும் ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. வேலை இருக்கிறது, ஞாயிறு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், வேறு எதுவும் தோன்றாமல், தூசி தட்டிப் போட்டுப் பார்த்தேன். சேவ் அப்படியே இருந்தது. அதே சமவெளி, அதே பெண், ஈட்டியோடு. புல் அசைந்தது. எங்கேயோ ஒரு பறவை கத்தியது. கண்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பாத்திரத்தில் கறிக்குழம்போடு அக்கா என் அறைக்குள் வந்தாள். மாமா மலையில் இருந்தார், குழந்தை அத்தை வீட்டில். குழம்பை மேடையில் வைத்துவிட்டு டிவியைப் பார்த்தாள். இதுதானா அது என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஏன் நிற்கிறாள் என்றாள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிறாள், நீயாவது ஒரு பக்கம் சொல் என்று கண்ட்ரோலரை நீட்டினேன்.

அக்கா வாங்கிக்கொண்டாள். முதல் தடவையாக அதைத் தொடுகிறாள். எதையோ அழுத்தினாள். திரையில் ஈட்டிக்காரப் பெண் மெதுவாகத் திரும்பினாள், மலையைப் பார்த்தாள், திறந்து கிடந்த கல்கதவைப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள். அக்கா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பாயில் சாய்ந்து உட்கார்ந்தாள். இந்தக் காட்டில் யாராவது வந்து அவளை ஏதாவது கேட்பார்களா என்று விசாரித்தாள். நாமாகக் கிட்டே போனால்தான் கேட்பார்கள், போகாவிட்டால் கேட்க மாட்டார்கள் என்றேன்.

"அப்ப நிக்கட்டும் வுடு" என்றாள். "எந்தப் பக்கமும் வேணாம். கொஞ்ச நேரம் சும்மா நிக்கட்டும்."

கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டாள். நான் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தேன்.