ஞாயிற்றுக்கிழமை பதினாறு வீடும் சேர்ந்து கழுவிய கதை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. ஆண்டிபட்டிச் சந்தையில் தேங்காய் மூட்டை சுமந்தேன், பிறகு தேங்காய் வாங்கி விற்றேன், இன்று தேனியில் சொந்தமாகத் தேங்காய்க் களம் வைத்திருக்கிறேன். மகன்கள் மாடி வீடு கட்டி அங்கே வந்து இருக்கச் சொன்னார்கள். போய் இருந்து பார்த்தேன். அந்த வீட்டில் டிவி ரிமோட்கூட என் பேச்சைக் கேட்கவில்லை. வீட்டுவசதி வாரியத்தின் வாடகைக் குடியிருப்பில் எங்கள் பிளாக்கில் இருக்கும் பதினாறு வீடும் கேட்கும். திரும்பி வந்துவிட்டேன்.

கேட்கும்படி செய்ததும் நான்தான். முன்பெல்லாம் படிக்கட்டு பல்பு போனால் மனு கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு ஏறுவோம். ஒருநாள் வாரியத்துப் பொறியாளர் வந்து, "சின்னச் சின்ன வேலைய நீங்களே ஒரு சங்கம் வச்சுப் பாத்துக்கங்க, பெரிய வேலைக்கு நாங்க வர்றோம்" என்றார். நம்மைக் கழற்றிவிடுகிறார் என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு மட்டும் அது பதவி என்று புரிந்தது. தேர்தல் ஒன்றும் வைக்கவில்லை. கூட்டத்தில் நான் பேசிக்கொண்டே இருந்தேன், மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள், நான் தலைவர் ஆகிவிட்டேன்.

பல்பு மாட்டினோம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினோம். கைப்பிடிக்குப் பெயின்ட் அடித்தோம். கீழ்வீட்டு வாசலில் இருந்த சாக்கடைத் தொட்டி ஒன்றுதான் எங்களுக்கு அடங்கவில்லை. நினைத்த நேரம் பொங்கும்.

அந்த வீட்டில் தையல் தைக்கும் ஓர் அம்மாவும், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவர் மகளும் குடியிருந்தார்கள். ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்கள் வாசலைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டார்கள். அந்த அம்மா பல நாள் மெஷினைத் தொடவில்லை. அடுத்து காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. திராட்சைத் தோட்டக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அந்த அம்மா என்னிடம் வந்து நின்றார்.

"அண்ணே, இவுகளும் வாசலோட போயிட்டாகன்னா எம்மகளுக்கு அப்புறம் எவுக வருவாக?"

"நான் இருக்கேன்ல. உன் வாசல்ல இலை போட்டுச் சாப்பிடலாங்கிற மாதிரி ஆக்கிக் காட்டுறேன்."

ஞாயிறு காலை உத்தரவு போட்டேன். பதினாறு வீடும் ஒரே நேரத்தில் வெளியே வந்து வராந்தா, படி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்க்க என் களத்திலிருந்து ஒரு மூட்டைத் தேங்காய் நாரை இலவசமாக இறக்கினேன். என் வீட்டுக்காரி மட்டும், "மாடி மாடியா கழுவச் சொல்லுங்க, அம்புட்டுத் தண்ணியக் குழா தாங்காது" என்றாள்.

"தண்ணி என்ன தங்கமா? ஊத்தட்டும்" என்றேன்.

ஊற்றினார்கள். மூன்று மாடித் தண்ணீரும் நாரும் குழாயில் இறங்கின. சரியாக அந்த நேரம் வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தார். சாக்கடை மூடி, உலைமூடிபோல நாலு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து நகர்ந்தது. வாசல் முழுக்கக் கறுப்புத் தண்ணீர். அவர் காலை வேனுக்குள் இழுத்துக்கொண்டார்.

"என்ன இழவு இது. திரும்பிருவமா?" என்று தன் வீட்டுக்காரரிடம் கேட்டது எனக்குக் கேட்டது. சந்தனத் தட்டோடு நின்ற பெண்ணின் அம்மாவுக்கும் கேட்டது.

அப்போதுதான் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், சர்வீஸில் பழகிய குரலில் கத்தினார்: "ஏறி வாங்க, ஏறி வாங்க! மேல எடம் இருக்கு! பின்பக்கமா ஏறுங்க!"

அந்தக் குரலைக் கேட்டால் யாராலும் ஏறாமல் நிற்க முடியாது. வேன் மொத்தமும் இறங்கிப் பின்படி வழியாக முதல் மாடியில் இருக்கும் என் வீட்டுக்கு ஏறியது. பின்னாலேயே பெண்ணும் அவள் அம்மாவும் ஏறினார்கள். ஒரு வீட்டிலிருந்து நாற்காலி, ஒரு வீட்டிலிருந்து டம்ளர், ஒரு வீட்டிலிருந்து கேசரி என்று வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா வந்த ஆட்களையெல்லாம் பார்த்துவிட்டு, "இம்புட்டுச் சொந்தமா பொண்ணுக்கு?" என்றார். நான் மறுக்கவில்லை.

கீழே நானும் கண்டக்டரும் மூங்கில் கழியால் குத்திக்கொண்டிருந்தோம்.

"பூராம் நாரால்ல இருக்கு! எவன்யா நாரை உள்ள விட்டது?" என்றார் அவர்.

"குழாய்க்கு வயிறு சின்னது" என்றேன். அது உண்மைதான். பிறகு வாரியம் பெரிய குழாயாக மாற்றியது. நாங்களும் இப்போது மாடிக்கு ஒரு நாள் முறை வைத்துத்தான் கழுவுகிறோம். இரண்டும் என் தலைமையில் நடந்தவை.

திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை நிற்கிறார். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தார்.

"தள்ளுங்க பெரியவரே. நீங்க குத்தக் குத்த உள்ளதான் போகுது. கொக்கி இருக்கா?"

"நான் அம்பது வருசமா…" என்று ஆரம்பித்தேன்.

"அப்புறம் கேக்குறேன். கொக்கி."

மூட்டை தூக்கும் கொக்கியைக் கழியில் கட்டிக் கொடுத்தேன். அவர் இழுக்க இழுக்க, பின்னி விட்ட சடைபோல நார் நீளமாக வந்தது. தண்ணீர் கடகடவென்று இறங்கியது. மேலே பால்கனி முழுக்கக் கைதட்டினார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இதற்குள் பெண், கூப்பிடும்வரை காத்திராமல், பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியும் சோப்புமாக இறங்கி வந்துவிட்டாள். மாப்பிள்ளை கையை நீட்டினார். அவள் ஊற்றினாள்.

"முழங்கை வரைக்கும் தேய்ங்க. நகத்துக்குள்ள அழுக்கு இருக்கு. இன்னும் போகல. திரும்பச் சோப்புப் போடுங்க."

அவர் திரும்பச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். மேலிருந்து அவர் அம்மா, "நான் சொன்னா ஒருநாளாச்சும் இப்பிடிக் கழுவியிருக்கியாலே?" என்றார். பால்கனியே சிரித்தது.

பெண்ணின் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மெதுவாக இறங்கி மகள் பக்கத்தில் போய், "அவுக என்ன சொல்றாகளோ தெரியல. உனக்குப் பிடிச்சிருக்கா ஆத்தா?" என்று கேட்டார்.

அவள் வாளியைக் கவிழ்த்து மீதித் தண்ணீரையும் அவர் கையில் ஊற்றிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்: "சொன்ன வேலையச் செய்றாக. முடிச்சிருவோம்மா."